பாதியில் விட்ட சால்

அயனம்பாக்கம் பால்ராஜ் எங்கே நடந்தாலும் அவருக்குப் பின்னால் தரையில் ஒரு உழவுச் சால் விழுந்துகொண்டே வந்தது. ஒரு சாண் ஆழம், முக்கால் அடி அகலம். ஏர் ஓடினால் மண் எப்படி இரண்டு பக்கமும் புரண்டு படுக்குமோ, அப்படியே படுத்தது. ஏர் மட்டும் இல்லை, மாடும் இல்லை. மண்ணில் நடந்தால் மண் பிளந்தது, தார் ரோட்டில் நடந்தால் தார் பிளந்தது, சிமெண்டு தரையில் நடந்தால் சிமெண்டு பிளந்து அடியில் கிடந்த மண் மேலே வந்தது. 1984 ஆவணியில் ஆரம்பித்துப் பத்து வருஷம் இப்படி நடந்தது. முதல் சில மாதங்கள் அம்பத்தூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் ஆட்கள் சைக்கிளில் வந்து பார்த்தார்கள், பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் காட்டினார்கள். அப்புறம் மண்ணெண்ணெய் தட்டுப்பாடு வந்தது. சனங்கள் அதைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள்.

அந்த ஆவணி வெள்ளிக்கிழமை காலையில் பால்ராஜ் உழுதுகொண்டிருந்தது, அன்றைக்கே கைமாறப்போகிற நிலம். ஏரிப் பாசனத்தில் இரண்டு ஏக்கர். மதகைத் திறந்து தண்ணீர் பாய்ந்திருந்தது, மண் பதமாக இருந்தது. விற்கிற நிலத்தை எதற்கு உழ வேண்டும் என்று எவனும் கேட்பான். பதமான மண்ணைப் பார்த்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். வலது கை மேழிப் பிடியில், இடது கையில் மாட்டை ஓட்டும் தார்க்குச்சி. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் நோக்கி உழுதுகொண்டு வந்து, கடைசிச் சாலில் பாதி தூரம் போயிருந்தபோது வரப்பில் ஜானகிராமன் வந்து நின்றார். நிலத்தை வாங்கி மனை போடப்போகிறவர் அவர்தான். பத்தரைக்கு ராகுகாலம் ஆரம்பம், அதற்குள் கையெழுத்தாக வேண்டும் என்று குதித்தார். பால்ராஜ் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கர், ராகுவும் தெரியாது கேதுவும் தெரியாது. ஆனால் வாங்குகிறவருக்குத் தெரியுமே. மாட்டை நிறுத்தினார்.

ஏர் பூட்டுகிற எவரும் சாலை முடிக்காமல் மாட்டை அவிழ்க்கமாட்டார்கள். மழை கொட்டினாலும், வீட்டில் சாவு விழுந்தாலும், ஓடிக்கொண்டிருக்கிற சாலை வரப்பு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத்தான் நுகத்தடியில் கை வைப்பார்கள். பால்ராஜின் மனைவி லூர்தம்மாள் கஞ்சித் தூக்கோடு வரப்பில் நின்றுகொண்டிருந்தாள். அவள் சத்தம் போட்டாள்.

"யோவ், சால முடிச்சிட்டு மாட்ட அவுரு! இன்னும் கொஞ்சம்தான கீது!"

"அப்பால வந்து முடிச்சிக்கிறேன். அவரு வண்டி வச்சிகினு நிக்கிறாரு பாரு."

பூட்டாங்கயிற்றை அவிழ்த்தார், நுகத்தடியையும் ஏர்க்காலையும் கழற்றி வரப்பில் போட்டார். கலப்பை மட்டும் களிமண்ணில் கொழு முனை புதைந்து வர மறுத்தது. மேழியைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். மேழி தனியாகக் கையோடு வந்துவிட்டது. கலப்பை மண்ணுக்குள்ளேயே நின்றது. அதைப் பார்க்க நேரமில்லை. மேழியைக் கீழே போடப் பார்த்தார், விரல்கள் விரியவில்லை. ஜானகிராமனின் ஆள் ஒருவன் மேழியைப் பிடித்து உருவி எடுத்தான். விரல்கள் மட்டும் வெறும் காற்றைப் பிடித்தபடி அப்படியே மடங்கி நின்றன. பதிவு ஆபீசில் இடது கட்டைவிரலைத்தான் கேட்டார்கள் என்பதால் பத்திரம் சிக்கலில்லாமல் பதிவானது. வாசலிலிருந்து மேசை வரைக்கும் சிவப்புத் தரை பிளந்திருப்பதைப் பியூன்தான் முதலில் பார்த்தார். தரை போட்ட கொத்தனாரைத் திட்டினார்கள். திரும்புகிற வழியில், பஸ் தரையும் பிளந்தபோதுதான், கொத்தனாரைச் சொல்லிக் குற்றமில்லை என்று தெரிந்தது.

மத்தியானம் அவர் சாலை முடிக்கத்தான் போனார். அதற்குள் லாரி லாரியாக இடிபாட்டு மண் வந்து விழுந்திருந்தது. ஜானகிராமன் வேகமான ஆள், அதில் குறை சொல்ல முடியாது. செங்கல் துண்டும் காரைக் கட்டியுமாக ஆள் இடுப்பு உயரத்துக்கு மேட்டைப் போட்டு, எண் எழுதிய கற்களை நட்டு, தன் தாயார் பெயரில் தாட்சாயிணி நகர் என்று பலகையும் வைத்துவிட்டார். சால் எங்கே, கலப்பை எங்கே என்று பால்ராஜால் கண்டுபிடிக்க முடியவில்லை. குத்துமதிப்பாக மேலேயே குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்த்தார். மனை பார்க்க வந்தவர்கள் பள்ளம் பள்ளமாகக் கிடந்த இடத்தைப் பார்த்துப் பயந்து திரும்பிப் போனார்கள். அதன்பிறகு வாட்ச்மேன் அவரை உள்ளே விடவில்லை.

வீட்டில் மண் தரை. முதல் நாள் அவர் வாசலிலிருந்து அடுப்பங்கரை வரைக்கும் நடந்தார், சால் விழுந்தது. லூர்தம்மாள் மறுநாள் மண்ணை அடைத்துச் சாணி போட்டு மெழுகினாள். அன்றைக்குச் சாயங்காலம் மறுபடியும் விழுந்தது. அவள் சளைக்கவில்லை. மூன்று மாதம் மெழுகினாள். அதற்குள் சுவரின் அடி இளகி, பின்சுவர் ஒரு பக்கமாக உட்காரத் தொடங்கியது. வீடு இருக்க வேண்டுமா, அவர் உள்ளே இருக்க வேண்டுமா என்று ஆகிவிட்டது. பால்ராஜ் ஒரு பாயை எடுத்துக்கொண்டு வெளியே புங்கமரத்தடிக்குப் போனார். மிச்சமிருந்த ஏர்க்காலை லூர்தம்மாள் துணிக்கொடிக்கு முட்டுக் கொடுத்தாள். நுகத்தடி, சாய்ந்த பின்சுவரைத் தாங்கிக்கொண்டு நின்றது. மாடுகளை விற்றுவிட்டார்கள்.

பண்ணாத வைத்தியம் இல்லை. பின்னோக்கி நடந்து பார்த்தார், சால் முன்னால் விழுந்தது. நான்கு பேர் நாற்காலியில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்கள், தூக்கியவர்களின் கால்களுக்கு நடுவே விழுந்தது. மூன்று வெவ்வேறு கோயில்களுக்கு நேர்ந்துகொண்டார்கள். கை மருத்துவர் விரல்களுக்கு எண்ணெய் போட்டு நீவிவிட்டு, கை நன்றாகத்தான் இருக்கிறது, எதையோ பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் என்று சொல்லிப் போனார். லூர்தம்மாள் மட்டும் ஆரம்பத்திலிருந்து ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். பாதியில் விட்ட சால்தான் பின்னாலேயே வருகிறது, அதை முடித்தால் இது நிற்கும் என்றாள். அவள் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. மேட்டுக்கடியில் கிடக்கிற சாலை எப்படி முடிப்பது என்றும் யாரும் சொல்லவில்லை.

பிழைப்புக்குக் குறைவில்லை, அதுவும் ஒரு வேடிக்கைதான். டெலிபோன் கேபிள் புதைக்கிற மேஸ்திரி லட்சுமணன் அவரைத் தேடி வந்தார். ரோட்டோரமாக ஒரே கோட்டில் ஐந்தாறு தடவை பால்ராஜ் போய் வந்தால் இடுப்பளவு பள்ளம் தயாராக இருக்கும். மேனாம்பேட்டிலிருந்து முத்தாபுதுப்பேட்டை வரைக்கும் எத்தனையோ தெருக்களில் முதல் டெலிபோன் மணி அடித்தது அவர் நடந்த நடையால்தான். "அண்ணாத்தே, அப்டியே கோடு போட்ட மாரி நட" என்று லட்சுமணன் பின்னால் சொல்லிக்கொண்டே வருவார். பால்ராஜ் தலையைக் குனிந்துகொண்டு நடப்பார். எந்த வீட்டுக்காரரும் அவரை உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னதில்லை. கேட்டுக்கு வெளியே சொம்பை நீட்டினார்கள். அவர்கள் மேலும் தப்புச் சொல்ல முடியாது, தரை அவர்களுடையது.

சாப்பாடு ஜன்னல் வழியாக வந்தது. லூர்தம்மாள் உள்ளே ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வாள், அவர் வெளியே சுவரில் சாய்ந்துகொள்வார். ஊர்க் கதை, மகள் கதை, மீன்காரியின் தராசு என்று எல்லாப் பேச்சும் அந்த ஜன்னல் கம்பி வழியாகத்தான் போய் வந்தது. ஒரு கூரைக்கடியில் படுத்த புருஷன் பெண்டாட்டி பேசாததையெல்லாம் அவர்கள் பேசியிருப்பார்கள் என்று பக்கத்து வீட்டு சுசீலா சொல்வாள். இருக்கலாம். ஆனால் மழை பெய்கிற நாட்களில் அவர் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு மரத்தடியில் நிற்பதை லூர்தம்மாள் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு நிற்பாள். அப்போது இரண்டு பேரும் பேசுவதில்லை. அதுதான் அந்த வீட்டின் பெரிய துக்கம்.

ஒரே மகள் ஜெயகுமாரிக்கு 87இல் கல்யாணம். மாப்பிள்ளை எட்மண்ட் திண்டிவனம் பக்கத்துப் பையன், ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். மாதா கோயிலில் அப்போதுதான் புதிதாக மொசைக் போட்டிருந்தார்கள். தரை போனால் போகட்டும், பெண்ணைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று பங்குச் சாமியாரே சொல்லிவிட்டார். நைனா பீடம் வரைக்கும் கூட வந்தால்தான் கழுத்தை நீட்டுவேன் என்று ஜெயகுமாரி வாசலில் நின்றுவிட்டாள். பால்ராஜ் புது வேட்டியோடு நின்றார். ஊர் கூடிப் போட்ட தரையைப் பார்த்தார்.

"நீ முன்னால போம்மா. நான் பின்னாலயே வந்துகினு கீறேன்."

அவள் நம்பிப் போனாள். பாட்டுச் சத்தத்தில் தரை பிளக்கிற சத்தம் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். பீடத்தருகே போய்த் திரும்பிப் பார்த்தபோது பின்னால் தாய்மாமன்தான் நின்றார். பால்ராஜ் கோயில் கேட்டைத் தாண்டவே இல்லை. ஜெயகுமாரி அதை மன்னிக்கவில்லை, மன்னிக்கவில்லை என்று சொல்லவும் இல்லை. மகள் குடிபோன குவார்ட்டர்ஸ் அரசாங்கச் சொத்து என்பதால் அங்கேயும் அவர் போக முடியவில்லை. பேத்தி வசந்தகுமாரி பிறந்தபோது காம்பவுண்டு சுவருக்கு மேலே தூக்கிக் காட்டினார்கள். இடது கையால் தொட்டுப் பார்த்துவிட்டு நடந்தே ஊர் திரும்பினார்.

தொண்ணூற்றிரண்டில் எட்மண்ட் தாட்சாயிணி நகரில் ஒரு மனை வாங்கினான். மாமனார் மாமியாருக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்பது ஜெயகுமாரியின் எண்ணம். அஸ்திவாரம் போடுகிற அன்று மேட்டு மண்ணை அள்ளிவிட்டுத் தோண்டினார்கள். பால்ராஜ் தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இடிபாட்டுக்கு அடியிலிருந்து கறுப்பு மண் வந்தது. கறுப்பு மண்ணில், தெருப் பக்கத்திலிருந்து கொல்லைப் பக்கம் நோக்கி, அவருடைய சால் கிடந்தது. எட்டு வருஷம் மேட்டுக்கடியில் கிடந்த சாலில் ஈரம் காயவில்லை. மதகிலிருந்து தண்ணீர் பாய்ந்த அந்தக் காலையில் இருந்த பதத்தில் அப்படியே இருந்தது. மனையின் நடுவில், சால் முடிகிற இடத்தில், மண்ணுக்கு மேல் கலப்பையின் முதுகு ஒரு விரலளவு தெரிந்தது.

இறங்கி நடந்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். சாமியார் அஸ்திவாரக் கல்லை மந்திரித்துக்கொண்டிருந்தார். எட்மண்ட் நூல் கட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருந்தான். சம்பந்தி வீட்டு ஆட்கள் வந்திருந்தார்கள். இத்தனை பேருக்கு நடுவே மகள் வீட்டு அஸ்திவாரக் குழியைக் குலைத்துக்கொண்டு நடக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. எல்லாரும் போகட்டும், அப்புறம் முடித்துக்கொள்ளலாம் என்று நின்றார். சாமியார் போனதும் மணல் லாரி வந்து கொட்டிவிட்டது. இதை அவர் லூர்தம்மாளிடம் மட்டும் சொன்னார். அவள் அன்று ஜன்னலைச் சாத்திக்கொண்டாள், இரண்டு வேளை சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

வீடு எழும்பியது. கூடத்தில் மொசைக், பின்னால் சமையலறை, அதை ஒட்டி ஒரு சிறிய அறை, அந்த அறையிலிருந்து கொல்லைக்கு ஒரு கதவு. வாசலிலிருந்து சமையலறை நிலைப்படி வரைக்கும் தரையில் ஒரு நேர்கோடு எந்த வெயிலிலும் ஈரமாகவே இருந்தது. துடைத்துத் துடைத்து ஜெயகுமாரி ஓய்ந்துபோனாள். புதுமனைப் புகுவிழாவுக்குப் பால்ராஜ் தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார்.

94 ஆவணியில் லூர்தம்மாள் படுத்துவிட்டாள். வயிற்றில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஜெயகுமாரி தாயைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து, காற்று வரட்டும் என்று பின்னறையில் கொல்லைக் கதவைப் பார்த்தபடி கட்டில் போட்டாள். அந்த அறைக்கு ஜன்னல் உண்டு, ஆனால் பக்கத்து வீட்டுச் சுவர் அதன்மேல் மோதுகிற மாதிரி நின்றது, ஒரு ஆள் நுழைய இடமில்லை. கொல்லையைச் சுற்றி மூன்று பக்கமும் வீடுகள். பால்ராஜுக்குப் பத்து வருஷமாக இருந்த ஜன்னலும் போய்விட்டது. தெருக் கேட்டில் நின்றார். வேலைக்குப் போகவில்லை. உள்ளே அவள் என்ன சொன்னாள் என்று மகள் வந்து சொல்வாள், அவர் பதில் சொல்லி அனுப்புவார். சாப்பிட்டாரா என்று அவள் கேட்பாள். சாப்பிட்டேன் என்று அவர் சொல்லச் சொல்வார். இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

கட்டிலோடு வெளியே தூக்கி வரலாம் என்றான் எட்மண்ட். அசைத்தால் வழியிலேயே உயிர் போய்விடும் என்று நர்ஸம்மா சொல்லிவிட்டார். சாமியார் வந்து கடைசி எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். அந்த மத்தியானம் லூர்தம்மாள் கண்ணைத் திறந்து, அந்தாள வரச்சொல்லு என்றாள். ஜெயகுமாரி புருஷனைப் பார்த்தாள். எட்மண்ட் தரையைப் பார்த்தான். அவன் கெட்டவன் இல்லை. ஓவர்டைம் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு, அவ்வளவுதான்.

"ஜெயா, கொஞ்சம் யோசிச்சுச் செய்யலாம். வீடே உட்கார்ந்துடும்" என்றான்.

ஜெயகுமாரி கொல்லைக்குப் போய்க் கடப்பாரையை எடுத்து வந்தாள். வாசல்படிக்கு உள்ளே, முதல் மொசைக்கில், ஓங்கி ஒரு போடு போட்டாள். இரண்டு, மூன்று. தரை நொறுங்கிக் கறுப்பு மண் தெரிந்தது. கேட்டில் நின்றவரைப் பார்த்துக் கத்தினாள்.

"தரை போயிடுச்சி நைனா! இன்னாத்துக்கு இனிமே வெளிய நிக்கிற? இன்னிக்கும் பின்னால வரேன்னு சொல்லி ஏமாத்தாத, வா உள்ள!"

எட்மண்ட் டிவியைத் தூக்கி ஓரமாக வைத்தான், பீரோவை நகர்த்தினான், மாதா படத்துக்கு முன்னாலிருந்த விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றான்.

பால்ராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ஈரக் கோட்டின் மேலேயே நடந்தார். தரை அவருக்குப் பின்னால் வரிசையாகப் பிளந்துகொண்டு வந்தது. ஏறக்குறைய பத்து வருஷத்தில் அவர் காலடி வைத்த முதல் வீடு. சமையலறை நிலைப்படியில் அவர் கால் வைத்ததும் ணங் என்று இரும்புச் சத்தம் கேட்டது, அங்கே பழைய வீட்டுக்குப் பக்கத்து சுசீலாவுக்கும் கேட்டது. தரையை முட்டிக்கொண்டு கலப்பை மேலே வந்தது. கொழு துருப்பிடிக்கவில்லை. மேழி இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை மட்டும் இருந்தது. மடங்கியே கிடந்த அவருடைய முஷ்டி அதில் போய்ப் பொருந்திக்கொண்டது. கலப்பை நகர்ந்தது. யார் இழுத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

பின்னறையில் கட்டில் கிடந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளிச் சால் போனது. லூர்தம்மாள் தலையைத் திருப்பினாள். ஒரு கூரைக்கடியில், கம்பி இல்லாமல் அவர் முகத்தை அவள் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. கையை நீட்டினாள். பால்ராஜின் கால் தயங்கியது. இந்த நடை முழுவதும் அந்தக் கைக்காகத்தான். அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்.

"நின்னுடாதய்யா. முடிச்சிட்டு வா."

அவர் அவளைத் தாண்டிப் போனார். அழுதுகொண்டேதான் போனார். கொல்லைக் கதவைத் தாண்டி, துவைக்கிற கல்லைத் தாண்டி, முன்பு வரப்பு இருந்த மூலையில் கொண்டுபோய்ச் சாலைச் சேர்த்தார். கலப்பை பக்கவாட்டில் சாய்ந்து படுத்தது. விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. உள்ளங்கை பத்து வருஷம் வெயிலே படாமல் வெளுத்துப் போயிருந்தது. திரும்பி வேகமாக நடந்தார். பின்னால் தரை சும்மா கிடந்தது.

அவர் கதவுக்கு வந்தபோது லூர்தம்மாள் போயிருந்தாள். கண் திறந்தபடி கொல்லை மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜெயகுமாரி கட்டிலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அம்மா கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், முடிச்சிட்டாரு என்று சொன்னாள், அப்புறம் மூச்சு வரவில்லை என்றாள். பால்ராஜ் அந்த வெளுத்த கையால் அவள் கண்ணை மூடினார். பத்து வருஷத்துக்குப் பிறகு விரிந்த அந்தக் கை முதலில் தொட்டது அதைத்தான். மறுநாள் கல்லறைத் தோட்டம் வரைக்கும் அவர் நடந்து போனார். ரோடு அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு அவர் மகள் வீட்டில்தான் இருந்தார். எட்மண்ட் கொத்தனாரைக் கூப்பிட்டு இரண்டு தடவை தரை போட்டான். ஆவணி பிறந்ததும் சால் மறுபடி வாயைத் திறந்துகொண்டது. மூன்றாவது தடவை கொத்தனார் வரவில்லை. வீடு உட்காரவில்லை என்பதால் அவனும் விட்டுவிட்டான், பீரோவை வேறு சுவரில் சாத்தினான். அதில் தானாக நாலைந்து நெற்பயிர் முளைக்கும், குருவி வரும். வாடகைக்கு மாடி பார்க்க வந்தவர்கள் தாண்டித்தான் போனார்கள். வசந்தகுமாரி பக்கத்து வீடுகளுக்குப் போனாலும், கூடத்தில் ஒரு இடத்தில் காலை அகட்டி வைத்துத் தாண்டினாள். 

சால் முழுக்க ஒரே ஆழம். கட்டில் கிடந்த இடத்துக்கு நேராக மட்டும் நான்கு விரற்கடை கூடுதலாக இறங்கியிருக்கிறது. அம்மா பக்கத்தில் நின்றாயா நைனா என்று ஜெயகுமாரி ஒரு தடவை கேட்டாள்.

"நிக்கல. அவதான் நிக்காதன்னாளே" என்றார் பால்ராஜ். "கை கொஞ்சம் அழுந்திடுச்சி."

ஐப்பசி மழையில் வீட்டுக்குள் முதலில் தண்ணீர் ஊறுவது அந்த இடத்தில்தான். ஜெயகுமாரி அதை மட்டும் இறைப்பதில்லை.